பெயருக்கும் உண்டு குத்தகை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் செயலாளர் அண்ணாச்சி போனில் கூப்பிட்டு, “நீ என்ன யாவாரம் பண்ணுதேன்னு பிள்ளைகளுக்கு வந்து சொல்லுடே” என்றார்கள். இதைச் சொல்வதில் எனக்குப் பழைய சிக்கல் ஒன்று உண்டு. எங்கள் அம்மையிடம் அக்கம்பக்கத்தில் கேட்டால், “பேரு வாங்கி விக்கான்” என்று சொல்லிவிடுவார்கள். கேட்டவர்கள், நான் ஏதோ ஊர்ப் பேரைக் கெடுத்துச் சம்பாதிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அம்மை சொல்வது சரிதான். நான் பெயர் வியாபாரி. இணையத்தில் ஒரு கடைக்கோ கம்பெனிக்கோ இருக்கும் முகவரிப் பெயருக்கு டொமைன் என்று பேர். அதிலும் நாட்டுக் குறியீட்டில் முடிகிற பெயர்கள் என் சரக்கு. நம் நாட்டுக்கு டாட் இன், இலங்கைக்கு டாட் எல்கே, இப்படி ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டு எழுத்து உண்டு. அந்த வாலுக்கு முன்னால் வருகிற நல்ல சொற்களை ஏலத்தில் எடுப்பதும், தேவைப்படுகிறவருக்கு விற்பதும், இரண்டு பேருக்கு நடுவில் தரகு பேசுவதும் என் பிழைப்பு.

டாட் இன் பிறந்தது 1989 மே 8 அன்று. முதலில் பம்பாயிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம் அதைக் கவனித்துக்கொண்டது. விதிகள் கெடுபிடியானவை. 1992 முதல் 2004 வரை ஏறக்குறைய 7,000 பெயர்கள்தாம் பதிவாயின என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 2005-ல் நிக்ஸி என்ற தேசிய இணையச் சந்திப்பு அமைப்பின் கைக்கு அது வந்தது. ஜனவரி 1 முதல் 21 வரை வணிகச் சின்னம் வைத்திருந்தோருக்கு முன்னுரிமை தந்தார்கள். பிப்ரவரி 16 அன்று எல்லோருக்கும் கதவு திறந்தது. இந்தியர்தான் என்றில்லை, உலகத்தில் யார் வேண்டுமானாலும் பதியலாம். இன்று 30 லட்சத்துக்கு மேல் பெயர்கள் இருக்கின்றன. நல்ல ஒற்றைச் சொற்கள் எல்லாம் தொடக்கத்திலேயே போய்விட்டன. பிறகு வந்தவர்களுக்கு ஏலம்தான் வழி. அதாவது எனக்கு வேலை வந்தது.

இந்த வியாபாரத்தைப் புரிந்துகொள்ள நம் ஊர்க்காரனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஏலம் என்றதும் குளச்சலிலும் முட்டத்திலும் கடற்கரையில் நடக்கும் மீன் ஏலம்தான் நமக்கு நினைவு வரும். ஆனால் மீனை ஏலம் எடுத்தால் மீன் நமக்குச் சொந்தம். டொமைன் ஏலம் அப்படிப்பட்டதில்லை. அது ஊர்க் குளத்து மீன் குத்தகை மாதிரி, சாலையோரப் புளியமரக் குத்தகை மாதிரி. ஏலம் எடுத்தவருக்கு அந்தத் தவணைக்குக் காய்ப்பு சொந்தம், மரம் சொந்தமில்லை. டாட் இன் பெயரை ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுக்குப் பதியலாம், அதற்கு மேல் முடியாது. பணம் கட்டக் கட்ட நீளும், கட்டாவிட்டால் கைவிட்டுப் போகும். ஐந்து லட்சம் கொடுத்து ஏலத்தில் எடுத்த பெயராக இருந்தாலும் அடுத்த தவணைக்கான சில நூறு ரூபாயைக் கட்டவில்லை என்றால் போனது போனதுதான். பாட்டம், ஒற்றி என்று நம் பெரியவர்கள் பத்திரம் எழுதி வைத்தார்களே, அந்தச் சொற்களின் அர்த்தம் தெரிந்தவனுக்கு இந்தத் தொழிலில் பாதி பாடம் முடிந்தது. நிலத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஜென்மி யார் என்று பார்க்க வேண்டும்.

அந்த ஜென்மிகளைக் கொஞ்சம் பார்ப்போம். பசிபிக் கடலில் துவாலு என்று ஒரு குட்டி நாடு, மொத்தமே 26 சதுர கிலோமீட்டர். அதற்குக் கிடைத்த எழுத்து டிவி. தொலைக்காட்சிக் கம்பெனிகள் விடுவார்களா? 2000-ல் ஓர் அமெரிக்க நிறுவனத்தோடு 5 கோடி டாலர் ஒப்பந்தம் ஆயிற்று. அதே ஆண்டு துவாலு ஐ.நா. சபையில் உறுப்பு நாடானது, அந்தச் செலவுக்கு இந்தப் பணம் கை கொடுத்தது. கரீபியன் கடலில் அங்குவிலா என்ற தீவு, 91 சதுர கிலோமீட்டர், நம் மாவட்டத்தில் பதினெட்டில் ஒரு பங்கு. அதற்கு ஏஐ என்ற எழுத்து 1990-களிலேயே வந்து சும்மா கிடந்தது. செயற்கை நுண்ணறிவு என்று உலகம் பித்துப்பிடித்து ஓட ஆரம்பித்ததும், 2023-ல் அந்தப் பெயர்களால் மட்டும் சுமார் 3 கோடி 20 லட்சம் டாலர் வந்தது. அரசாங்க வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்! காலாவதியான டாட் ஏஐ பெயர்கள் ஏலத்துக்கு வரும்போது நாங்கள் எல்லோரும் கண் விழித்து உட்கார்ந்திருப்போம். ‘யூ’ என்ற ஒற்றைச் சொல் டாட் ஏஐ வாலோடு 2023-ல் 7 லட்சம் டாலருக்குப் போனது.

மூன்றாவது ஜென்மியின் கதை அவ்வளவு நல்ல கதை இல்லை. டாட் ஐஓ என்ற வால் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு மிகவும் பிடித்தது. அது எந்த நாட்டின் எழுத்து தெரியுமா? பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம், அதாவது சாகோஸ் தீவுகள். டீகோ கார்சியா அங்கேதான் இருக்கிறது. நம் குமரி முனைக்குத் தென்மேற்கே 1,800 கிலோமீட்டர் இருக்கும். தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் அங்கே பிடிபட்ட செய்திகளை நீங்கள் படித்திருப்பீர்கள். அந்தத் தீவின் மக்களை 1968-க்கும் 1973-க்கும் இடையில் மொத்தமாக வெளியேற்றிவிட்டார்கள், ராணுவத் தளத்துக்காக. ஆள் இல்லாத தீவின் பெயரில் உலகமெங்கும் வியாபாரம் நடக்கிறது, வாடகையில் தங்களுக்குப் பங்கு வேண்டும் என்று அந்த மக்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 2025 மே மாதம் தீவுகளை மொரீஷியஸுக்கு ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் பிரிட்டன் கையெழுத்திட்டது. அப்படியானால் ஐஓ என்ற எழுத்து என்ன ஆகும் என்று என் வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். யூகோஸ்லாவியா இல்லாமல் போனபின் டாட் ஒய்யூ 2010-ல் நீக்கப்பட்டது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபோது, அங்கிருந்தவர்கள் வைத்திருந்த டாட் ஈயூ பெயர்கள் பல்லாயிரம் 2021-ல் முடங்கின. பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஜென்மிக்கே இடம் ஆட்டம் கண்டால் குத்தகைக்காரன் என்ன செய்ய முடியும்? டாட் ஐஓ பெயருக்குப் பெரிய விலை கேட்டால் நான் இப்போது கொஞ்சம் பின்வாங்குகிறேன். பழைய மாணவர்களில் அந்தப் பெயர் வைத்திருப்பவர்கள் பயந்து விற்கவும் வேண்டாம், ஒரு கண் வைத்திருங்கள்.

ஏலம் எப்படி நடக்கிறது என்று தம்பிகள் கேட்பீர்கள். கத்துவதற்கு ஆள் கிடையாது. நம் உச்ச விலையைக் கம்ப்யூட்டரிடம் ரகசியமாகச் சொல்லி வைத்தால் எதிராளியைவிட ஒரு படி மட்டும் கூட்டிக்கொண்டே போகும். கடைசி நிமிஷத்தில் யாராவது கேட்டால் நேரம் தானாக நீளும், அதனால் ஒளிந்திருந்து கடைசி நொடியில் அடிக்கும் வித்தை பல இடங்களில் செல்லாது. பணம் நடுவர் ஒருவர் கையில் இருக்கும், பெயர் கை மாறியபின்தான் விற்றவருக்குப் போகும். முகம் தெரியாத ஆளிடம் நேரடியாகப் பணம் அனுப்பவே கூடாது.

எந்தப் பெயருக்கு விலை? சின்னதாக இருக்க வேண்டும் என்பார்கள். நான் அதை நம்புவதில்லை. கொலம்பியாவின் டாட் கோ 2010-ல் எல்லோருக்கும் திறந்தபோது ‘ஈ’ என்ற ஒற்றை எழுத்து 81,000 டாலருக்கு ஏலம் போனது. ‘ஓ’ என்ற எழுத்தை ஓவர்ஸ்டாக் என்ற அமெரிக்கக் கடை 3,50,000 டாலர் கொடுத்து வாங்கித் தன் பெயரையே மாற்றிப் பார்த்தது. வாடிக்கையாளர்கள் பழக்கதோஷத்தில் கடைசியில் டாட் காம் என்று அடித்து வழி தவறிப் போனார்கள். கடை பழைய பெயருக்கே திரும்பிவிட்டது. என் சோதனை வேறு. வடசேரி பஸ் நிலையத்து இரைச்சலில் நின்று போனில் ஒரு தடவை சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும். ‘நாஞ்சில்’ என்ற நம் அருமையான சொல் இந்தச் சோதனையில் தோற்றுப்போகும். ஆங்கிலத்தில் ஒரு ‘ஏ’யா இரண்டு ‘ஏ’யா, நடுவில் ‘ஜே’யா ‘சிஎச்’சா என்று கேள்வி வரும். தமிழில் எழுதினால் குழப்பமே இல்லை. டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் என்று மூன்று வால்கள் தமிழ் எழுத்திலேயே இருக்கின்றன. ஒரு மொழி எழுத்தில் மூன்று நாடுகளுக்கு வால்! பெருமையாகச் சொல்கிறேன், ஆனால் வியாபாரியாகவும் சொல்ல வேண்டும்: அவற்றுக்கு ஏலச்சந்தை இன்னும் சூடு பிடிக்கவில்லை. ஆசைக்கு ஒன்று பதிந்து வையுங்கள், அடகு வைத்துப் பதியாதீர்கள்.

இனி எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயத்துக்கு வருகிறேன். நாகர்கோவிலில் நேந்திரங்காய்ச் சிப்ஸ் போடும் அண்ணாச்சி ஒருவர். அப்பா காலத்துக் கடை, வளைகுடா வரை பார்சல் போகிறது. கடைப் பெயரில் டாட் இன் வைத்திருந்தார். அதைப் பதிந்து கொடுத்த பையன் தன்னுடைய ஈமெயிலைக் கொடுத்துவிட்டுத் துபாய்க்குப் போய்விட்டான். ‘காலாவதி ஆகிறது’ என்ற அறிவிப்பு எல்லாம் அவனுக்குப் போனது. பெயர் காலாவதியானால் உடனே அழிந்துவிடாது. பதிவு நிறுவனம் கொஞ்ச நாள் பொறுக்கும், பிறகு அபராதத்தோடு மீட்க 30 நாள், அதன்பின் 5 நாள் காத்திருப்பு, அப்புறம் பொதுவில் விழும். சில நிறுவனங்கள் அந்த இடைவெளியிலேயே ஏலத்துக்கு விட்டுவிடுவதும் உண்டு. அண்ணாச்சி ஒரு நாள் கடைப் பெயரை அடித்தால் சீட்டாட்ட விளம்பரம் வருகிறது. வெளிநாட்டு ஆள் ஒருவர் ஏலத்தில் எடுத்து 2,500 டாலர் விலை சொன்னார்.

அண்ணாச்சி என்னிடம் கேட்டது இதுதான்: “தம்பி, எங்க அப்பா பேரை அவன் எப்படி வித்தான்? எனக்கு ஒண்ணும் விளங்கல்லை.”

நல்ல கேள்வி. சட்டத்தில் இடம் இருக்கிறது. டொமைன் பெயருக்கும் வணிகச் சின்னம் போன்ற பாதுகாப்பு உண்டு என்று சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-லேயே சொல்லிவிட்டது. டாட் இன் தகராறுகளுக்கு நிக்ஸியிடம் தனி நடுவர் முறை இருக்கிறது. பெயர் உங்கள் பெயர்தான், எதிராளிக்கு அதில் உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பிடித்து வைத்திருக்கிறார் என்று காட்ட வேண்டும். அண்ணாச்சியிடம் பழைய பில் புத்தகம், உரிமம், பார்சல் ரசீது எல்லாம் இருந்தன. வணிகச் சின்னம் மட்டும் பதியவில்லை. வழக்குச் செலவைக் கூட்டிப் பார்த்தோம், தீபாவளி வேறு நெருங்கியது. நடுவரிடம் போவோம் என்று எழுதிவிட்டுத்தான் விலை பேசினேன். 600 டாலருக்கு முடிந்தது. தரகு வாங்கவில்லை, சிப்ஸ் வாங்கிக்கொண்டேன்.

இதில் என் தொழிலின் எல்லைக்கோடு இருக்கிறது. ‘மழை’, ‘பூ’ போன்ற சொற்கள் யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை, அவற்றை வாங்கி விற்பதில் தப்பில்லை. ஒருவர் நாற்பது வருஷம் அடுப்பில் நின்று சம்பாதித்த பெயரைப் பிடித்து வைத்து விலை கேட்பதை நான் வியாபாரம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏலத்தில் அப்படிப்பட்ட பெயர் வந்தால், தேடிப் பார்த்துக் கடை உயிரோடு இருக்கிறது என்று தெரிந்தால், விட்டுவிடுவேன். என்னுடன் தொழில் செய்பவர்கள் சிலர் இதற்காக என்னைக் கேலி செய்வதுண்டு, செய்யட்டும்.

நம் மாவட்டத்து மட்டி வாழைப்பழம் 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்கும், கன்னியாகுமரிக் கிராம்புக்கும், தோவாளை மாணிக்க மாலைக்கும் அந்தப் பெருமை உண்டு. அந்தக் குறியீட்டோடு டொமைன் பெயர் இலவசமாக வராது. விளைவிப்பவர்களும் மாலை கட்டுபவர்களும் பதியாவிட்டால், முகம் தெரியாத யாரோ பதிந்து விற்பான். வங்கிகள் விஷயத்தில் ரிசர்வ் வங்கி முந்திக்கொண்டது. 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் டாட் பேங்க் டாட் இன் என்ற தனி வாலுக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது, அது வங்கிக்கு மட்டுமே கிடைக்கும், ஏலத்தில் வராது. தென்னைக்கும் வாழைக்கும் அப்படி யாரும் வேலி போட்டுத் தரவில்லை.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் மாணவர்களுக்கு ஒரு கணக்கு. 300 பெயர் வாங்கி வைத்தால், பெயருக்கு 700 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 2,10,000 ரூபாய் குத்தகை. என் அனுபவத்தில் நூறில் ஒன்று விற்றால் அது நல்ல வருஷம். அந்த மூன்று பெயரும் குத்தகையை எடுத்துக் கொடுத்தபின்தான் அரிசிக்கு வரும். பத்தோடு தொடங்குங்கள், படிப்பை முடித்துவிட்டுத் தொடங்குங்கள்.

சாப்பாட்டு மணி அடிக்கப் போகிறது, செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மாலை வரை நூலகத்து வராந்தாவில்தான் இருப்பேன். கடை, பள்ளி, ஆஸ்பத்திரி நடத்தும் நண்பர்கள் உங்கள் பெயர் என்று காலாவதியாகிறது, யாருடைய ஈமெயிலில் இருக்கிறது என்ற இரண்டையும் கேட்டுக்கொண்டு வாருங்கள். கூடவே இருந்து சரிசெய்து தருகிறேன்.