லாரிச் சட்டமும் தொழிலாளி கையும்

(தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியது)



நெல் மூட்டையும் செங்கல்லும் ஏற்றிப் போகும் லாரியை நாம் தினமும் பார்க்கிறோம். அவ்வளவு பாரத்தையும் தாங்குவது எது? அடியில் முன்னிருந்து பின்வரை ஓடும் இரண்டு நீண்ட உருக்குச் சட்டங்கள்தான். அவை எப்படி உண்டாகின்றன என்பதிலே நாம் அறிய வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது.

உருக்கு ஆலையிலிருந்து தகடு, பாய் சுருட்டினது போலச் சுருளாக வருகிறது. ஒரே சுருள் 20 டன் கூட இருக்கும். பெரிய லாரிக்குத் தகட்டின் கனம் சுமார் 6 முதல் 10 மில்லிமீட்டர். காய்ச்சி உருட்டியபோது படிந்த கருஞ்செதிலை அமிலத்தில் கழுவி, எண்ணெய் பூசி, உருளைகளுக்கிடையே மேலும் கீழுமாய் இழுத்துச் சுருண்ட குணத்தைப் போக்குகிறார்கள். பிறகு அளவாக வெட்டி, இரண்டு ஓரங்களையும் மடக்குகிறார்கள். பெரிய பிரஸில் டையின் மேல் வைத்து ஒரே அமுக்காக மடக்குவது ஒரு முறை; வரிசையாக நிற்கும் உருளைகளின் ஊடே செலுத்திச் சிறுகச் சிறுக மடக்குவது மற்றொரு முறை. ஏன் மடக்க வேண்டுமென்றால், தட்டையாய்க் கிடக்கும் தகடு பாரத்தில் தொய்ந்து போகும். அதையே ஓரம் மடக்கிச் செங்குத்தாக நிறுத்தினால் தாங்கும்.

ஆனால் உருக்கு நம் இஷ்டத்துக்கு மடங்குவதில்லை. 90 பாகைக்கு மடக்கினால், அழுத்தம் நீங்கினதும் சற்று விரிந்துகொள்ளும். பலம் கூடிய உருக்கானால் இன்னும் அதிகமாக விரியும். ஆகவே, எவ்வளவு விரியுமென்று முன்கூட்டியே கணக்கிட்டு, அவ்வளவு கூடுதலாக மடக்குகிறார்கள். மூலையை மிகவும் கூர்மையாக மடக்கினாலோ, வெளிப்புறம் வெடித்துவிடும். 8 மில்லிமீட்டர் தகட்டை உள்ளே 8 மில்லிமீட்டர் ஆரத்தில் மடக்கினால் வெளிப்புறம் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு நீள வேண்டும். ஆரத்தை 16 ஆக்கினால் ஐந்திலொரு பங்கு நீண்டால் போதும். இது சாதாரணக் கணக்கு.

ஒரு சட்டம் வெடித்துவிட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். என்ஜினீயர் என்ன கேட்கிறார்? ஆரம் என்ன, உருட்டிய திசை எது, வெட்டின ஓரத்தில் பிசிறு இருந்ததா என்று கேட்கிறார். இரும்புக்கு எந்த ராசி, எந்த நட்சத்திரம் என்று கேட்பதுண்டா? கேட்டால் அவருக்கு வேலை நிலைக்குமா?

ஆனால், தோழர்களே, அதே பட்டறையில் ஒரு தொழிலாளியின் விரல் போய்விட்டால் மாத்திரம் “அவன் தலைவிதி”, “நேரம் சரியில்லை” என்கிறோம். பூசணிக்காய் உடைத்துவிட்டு மறுநாள் அதே யந்திரத்தில் வேறொருவனை நிறுத்துகிறோம். இரும்புக்கு ஒரு நியாயம், மனிதனுக்கு வேறொரு நியாயமா என்று கேட்கிறோம்.

விரல் போவதற்கும் காரணம் உண்டு. சக்கர விசையால் ஓடும் பிரஸில் மோட்டாரை நிறுத்தின பின்னும் அந்தப் பெருஞ்சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும். அதற்குள் கை போனால் அது யாரென்று பார்க்காது. இதற்காகத்தான் இரண்டு கையாலும் ஒரே சமயத்தில் அமுக்கினால் மட்டுமே இறங்கும்படி இரண்டு பொத்தான்கள் வைத்தார்கள். வேலை வேகமாக வேண்டுமென்று ஒன்றைக் கட்டிவைத்து அமுக்கச் சொன்னால், அது விதி செய்த காரியமா, ஆள் செய்த காரியமா? சுருளைக் கட்டின பட்டையை வெட்டும்போது அடங்கிக் கிடந்த தகடு சாட்டை போல் வீசும். முனையை அழுத்திப் பிடிக்க ஏற்பாடு செய்துவிட்டு, ஒதுங்கி நின்று வெட்டினால் அடி விழாது. இதற்கு மந்திரம் எதற்கு?

யந்திரங்களின் அபாயமான பாகங்களுக்குத் தடுப்பு வைக்க வேண்டுமென்று 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் 21-வது பிரிவிலேயே கட்டளையிட்டது. தடுப்பு வைப்பது முதலாளியின் தர்மமல்ல, கடமை. கேட்பது தொழிலாளியின் உரிமை. விதி என்று நம்புகிறவன் தடுப்பைக் கேட்கமாட்டான். அதனால் லாபம் யாருக்கு?

ஆகையால் நாம் சொல்லுவது இவ்வளவுதான். தடுப்பு இல்லாத பிரஸைக் கண்டால் கும்பிடாதீர்கள். தடுப்பு எங்கே என்று கேளுங்கள். ஒருவனாய்க் கேட்கப் பயமானால் பத்துப்பேராய்க் கேளுங்கள். வெடித்த தகட்டை உருக்கி மறுபடியும் தகடாக்கலாம். போன கையை எந்த ஆலையில் வார்ப்பது?