சட்டாம்பிள்ளையும் சக பிள்ளையும்
(மாலைப் பள்ளி ஆசிரியர்கள், மாணவர்கள் கூட்டத்தில் பேசியது)



பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக் கொடுப்பது புதுசு இல்லை. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை அதைத்தான் செய்தான். எழும்பூர் அநாதை விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படித்ததைப் பார்த்து, மூத்த பிள்ளைகளை வைத்தே பாடம் நடத்தினார். 1797-இல் லண்டனில் புத்தகம் போட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்றே அதற்குப் பேர்.

நாம பெருமைப்படலாமா? அந்தத் திண்ணையில் சேரிப் பிள்ளைக்குப் பெரும்பாலும் இடமில்லை. சட்டாம்பிள்ளை கையில் பாடத்தோடு அதிகாரமும் இருந்தது. இன்றைக்கும் வகுப்புத் தலைவனாக யாரைப் போடுறாங்க, பெருக்கச் சொல்வது யாரை என்று பாருங்கள்.

நான் சொல்வது வேறு முறை. 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் கறுப்பர், மெக்சிகப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் ஒரே வகுப்புக்கு வந்தபோது அடிதடி மூண்டது. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் போய்ப் பார்த்தார். கையைத் தூக்கி முந்துகிற போட்டி பகையை வளர்ப்பதைக் கண்டார். பாடத்தைத் துண்டு துண்டாக்கி, குழுவில் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். அவனவன் துண்டை அவனவன்தான் மற்றவர்க்குச் சொல்ல வேண்டும். கேலி செய்தால் தனக்கே பாடம் கிடைக்காது. ஒதுக்கப்பட்ட பிள்ளைகளின் மதிப்பெண் கூடியது. வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒன்றும் குறையவில்லை.

எங்க மாலைப் பள்ளியில் மகத் குளத்தை இப்படித்தான் நடத்துகிறேன். ஒரு குழுவுக்கு ஐந்து பேர். பொதுக் குளங்களைத் திறந்துவிடச் சொன்ன 1923 பம்பாய் சட்டசபைத் தீர்மானம் ஒருத்திக்கு. மகத் நகரசபை 1924-இல் அதை ஏற்றது ஒருவனுக்கு. 1927 மார்ச் 20-இல் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தது, டிசம்பர் 25-இல் மனுநூல் எரிப்பு, 1937 உயர்நீதிமன்றத் தீர்ப்பு மற்ற மூவருக்கு. ஒரே துண்டு வாங்கியவர்கள் முதலில் தனியாகக் கூடிப் பேசிக்கொள்வார்கள். திக்கித் திக்கிப் படிக்கிறவனுக்கு அங்கே தைரியம் வரும். பிறகு சொந்தக் குழுவுக்குத் திரும்பிச் சொல்வான். அவன் வாய் திறக்காவிட்டால் தீர்மானம் போட்டும் ஏன் குளத்துக்கு ஊர்வலம் போனார்கள் என்பதே மற்றவர்க்குப் புரியாது.

இரண்டு விஷயத்தில் கறாராக இருங்கள். குழுவைப் பிள்ளைகள் கையில் விடாதீர்கள். விட்டால் தெரு தெருவாகத்தான் பிரிவார்கள். ஒரே பிள்ளையை எப்போதும் தலைவனாக்காதீர்கள். அது பழைய சட்டாம்பிள்ளைதான்.

மாலைப் பள்ளியோடு இதை நிறுத்தக் கூடாது. ஊரும் சேரியும் சேர்ந்து உட்காருவது அரசுப் பள்ளியில்தான். அங்கே வேலை செய்கிற தோழர்கள் நாளைக்கே ஒரு பாடத்தை ஐந்தாகப் பிரித்துப் பாருங்கள். நம்ம பிள்ளை சொல்ல, ஊர்ப் பிள்ளை கேட்டு எழுதட்டும்.