வற்றும் குட்டையும் ஈரற்பாசியும்



வாகடில் குடியேறியுள்ள தமிழர்களாகிய நாம், ஆடி மாதத்துக் காலை வேளையில் வீதிக்கு இறங்கினால், இன்னும் கட்டடம் எழாத மனைகளில் மழைநீர் தேங்கி நிற்பதைக் காண்கிறோம். கொசுவுக்கு அஞ்சி விரைந்து கடக்கிறோம். மழைக்காலம் கழிந்ததும் அந்நீர் வற்றிவிடுகிறது. பிறகொரு நாள் லாரிகள் வந்து, இவ்வூரார் 'ராடாரோடா' என்று வழங்கும் கட்டட இடிபாடுகளை அங்கே கொட்டிச் செல்கின்றன. பள்ளம் ஒன்று தூர்ந்தது, அவ்வளவுதானே என்று நாமும் வாளாவிருக்கிறோம்.

தூர்க்கப்படாத குட்டையொன்றின் ஈர விளிம்பைச் சற்றே குனிந்து நோக்குவோம். இரண்டிரண்டாகக் கவர்விட்டு வட்டமாகப் படர்ந்த, காலணா அகலமே உள்ள பசுஞ்செடி ஒன்று மண்ணோடு ஒட்டிக் கிடக்கும். அதன் பெயர் ரிக்ஸியா. ஈரற்பாசி என்னும் வகுப்பைச் சேர்ந்தது. இவ்வகுப்புச் செடிகள் சில ஈரலின் மடல்களை ஒத்திருந்தமையால், ஈரல் நோய்க்கு இவை மருந்தாகும் என்று முற்கால ஐரோப்பியர் நம்பினர். பெயர் நிலைத்தது, மருந்து நிலைக்கவில்லை. பாசி என்று நாம் சொன்னாலும் இவை உண்மையில் பாசியினத்தைச் சேர்ந்தவையல்ல. பூவும் விதையும் உண்மையான வேரும் இன்றி, நுண்ணிய வித்துத்தூளால் பெருகும் எளிய நிலத்தாவரங்கள்.

ரிக்ஸியா எங்கும் காணப்படுவது. அதற்கு உறவான ரியெல்லாவோ மிக அரியது. அது வாகடில் உண்டென்று நாம் கூறவில்லை. காசிக்கு அருகே சக்கியாவில் கிடைத்த ரியெல்லாவைப் பற்றிப் பாண்டே, மிஸ்ரா, ஸ்ரீவாஸ்தவா என்னும் மூவர் 1954இல் எழுதினர். ஈரற்பாசிகளுள் பெரும்பாலானவை ஈர நிலத்தில் வாழ, இது நீருக்குள் மூழ்கி நிமிர்ந்து வளர்கிறது. மெல்லிய தண்டின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒற்றை உயிரணுக் கனமுள்ள சிறகு. சில இனங்களில் அச்சிறகு சுழற்படியைப் போல் தண்டைச் சுற்றி ஏறுகிறது.

வியப்பு அதன் அழகில் மட்டுமில்லை. குட்டை வற்றும்போது செடி மடிகிறது; வித்துத்தூளோ உலர்ந்த வண்டலுக்குள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு உறங்குகிறது. மீண்டும் நீர் நின்றால் முளைக்கிறது. வாத்து விழுங்கிக் கழித்த பின்னரும் இத்தூள் முளைக்கும் என்பதை 1961இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. எனவே ஒரு குட்டையிலிருந்து மற்றொன்றுக்கு இதனைச் சுமந்து செல்லும் வாகனம் நீர்ப்பறவையே. இடையிலுள்ள குட்டைகள் மறைந்தால் பறவை எங்கே இறங்கும்?

இத்தகைய செடிக்கு ஆபத்து பெரும்பாலும் கோடையில் வருகிறது. அப்போதுதான் அதன் வீடு பாழ்நிலமாகத் தோற்றமளிக்கிறது. கழிவுநீர் புகுந்தால் நீர் கலங்கி ஒளி குன்றுகிறது. இவற்றைவிட நாம் எளிதில் உணராத கேடு, அழகுபடுத்துதல்! ஆண்டு முழுதும் நீர் நிற்கும்படி ஆழப்படுத்திக் கரைக்குக் கல் பதித்துவிட்டால், மீன்களும் பெருஞ்செடிகளும் குடியேறுகின்றன. வற்றுவதை நம்பி வாழ்ந்தவற்றுக்கு இடமில்லை. தூர் வாருதல் நம் ஊர்க் கண்மாய்களுக்கு நன்மையே. அதனை நாம் குறை கூறோம். ஆயினும் வாரிய வண்டலோடு உறங்கும் வித்துகளும் போய்விடுகின்றன. ஒரு மூலையையேனும் தொடாது விட்டால் என்ன?

ஐரோப்பிய நாடுகள் 1992இல் இயற்றிய வாழிடப் பாதுகாப்பு ஆணையில் ரியெல்லாவின் ஓர் இனம் பெயர் சுட்டிச் சேர்க்கப்பட்டுள்ளது. நம் நாட்டில் 2011இல் வெளியான ஈரநில வரைபட நூல், இரண்டேகால் ஹெக்டேருக்குக் குறைந்த சிறு நீர்நிலைகளை மட்டும் 5,55,557 என்று கணக்கிட்டது. ஆனால் 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகளோ, பாசனத்துக்கும் குடிநீருக்குமென மனிதர் அமைத்த நீர்நிலைகளைத் தம் வரம்பிலிருந்து விலக்கிவிட்டன. தென்னாட்டு ஏரி குளங்களில் எத்தனை இவ்விலக்கில் அடங்கும் என்பதை நேயர்களே எண்ணிக் கொள்ளலாம்.

ரியெல்லாவை ஆராய்வோர் குட்டை நிறைந்திருக்கும் நாளுக்காகக் காத்திருப்பதில்லை. வற்றிய தரையின் மண்ணைக் கொணர்ந்து நீரூற்றி வளர்த்துப் பார்க்கின்றனர். நம் பிள்ளைகளும் இதைச் செய்யலாம். தூர்க்கப்படாத குட்டை ஒன்றிலிருந்து கோடையில் ஒரு கைப்பிடி வண்டல் எடுத்து, கண்ணாடிப் பாத்திரத்தில் இட்டு, மழைநீர் வார்த்து, வெளிச்சமுள்ள சன்னலருகே இரண்டு மாதம் வைத்திருக்கட்டும். முதலில் நீர் கலங்கலாகவே இருக்கும், கொட்டிவிட வேண்டாம். மூடியாக ஒரு மெல்லிய துணி கட்டினால் கொசுவும் வராது.