ஆதலும் ஆக்கலும்: குவாண்டக் கருத்து இரு துறைகளில்



தொடர்ந்து மாறிச் செல்லும் ஓர் அளவைக் குறிப்பிட்ட சில படிகளில் நிறுத்திக் காணும் முறை தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியம் கூறும் மாத்திரையை எண்ணிப் பார்ப்போம். கண் இமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. கருவி கொண்டு அளந்தால் நாம் ஒலிக்கும் இரண்டு அகரங்கள் ஒத்த நீளமுடையன அல்ல. ஆயினும் இலக்கணம் அவற்றை ஒரே படியில் வைக்கிறது.

‘குவாண்டைசேஷன்’ என்னும் ஒரே ஆங்கிலச் சொல்லை இயற்பியலும் குறிகைச் செயலாக்கமும் வழங்குகின்றன. இரண்டும் ஒன்றுதானா என்பதே இன்றைய வினா.

1900 டிசம்பர் 14 அன்று பெர்லினில் மாக்ஸ் பிளாங்க் தம் விளக்கத்தை முன்வைத்தார். சூடேறிய பொருளின் ஒளியை விளக்க, அதிர்வுகளின் ஆற்றல் ஒரு சிறு பங்கின் முழு மடங்குகளாகவே அமையும் எனக் கொண்டார். அதிர்வெண்ணைப் பிளாங்க் மாறிலியால் பெருக்க வருவது அப்பங்கு. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் கண்ட விளைவும் இதற்குச் சான்றாகும். மூலக்கூறு ஒளியோடு ஆற்றலைக் கொண்டு கொடுப்பது குறித்த அளவுகளில் மட்டுமே. ஆதலின் சிதறிய ஒளியில், பொருளுக்குப் பொருள் வேறுபடும் தனித்தனிக் கோடுகள் தோன்றுகின்றன.

குறிகைச் செயலாக்கத்தில் நிகழ்வது வேறு. குரலின் அலை தொடர்ச்சியானது. இலக்க முறைத் தொலைபேசி அதனை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 256 படிகளுள் ஒன்றில் பொருத்துகிறது. மெல்லொலிக்கு நெருங்கிய படிகளும் வல்லொலிக்கு அகன்ற படிகளும் அமைகின்றன. இசைக் குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 அளவீடுகள், படிகளோ 65,536. உண்மை அளவுக்கும் பொருத்திய படிக்கும் உள்ள வேறுபாடே குவாண்டப் பிழை.

இயற்பியலில் படிகள் இயற்கையில் உள்ளவை. இடைப்பட்ட அளவு அங்கே இல்லை. குறிகையிலோ இடைப்பட்ட அளவு இருந்தது. நாம் அதனை விட்டுவிட்டோம். ஆங்கிலம் மறைக்கும் இவ்வேறுபாட்டைத் தமிழின் தன்வினையும் பிறவினையும் தெளிவாகக் காட்டும். முன்னதைக் குவாண்டமாதல் என்றும், பின்னதைக் குவாண்டமாக்கல் என்றும் வகுப்பறையில் வழங்கலாம்.

இது சொல்லாராய்ச்சி மட்டுமன்று. ஜொகூர்த் தோட்டப்புறங்களில் வாழ்ந்த மூத்தோரின் தாலாட்டையும் ஒப்பாரியையும் பதிவு செய்ய முனையும் மாணவர் இதனை அறிந்திருத்தல் வேண்டும். 65,536 படிகளுள்ள கருவியிலும், உச்ச ஒலி முழு அளவில் 256இல் ஒரு பங்காக அமைந்துவிட்டால், பயன்படுபவை 256 படிகளே. பின்னர் ஒலியைப் பெருக்கினால் பிழையும் உடன் பெருகும். விடுபட்ட நுண்மை மீளாது. பாடியவரும் நம்மிடை இல்லாது போகலாம்.

ஆசிரியர்க்கும் இதில் ஒரு செய்தி உண்டு. 80 மதிப்பெண்ணில் ஒரு தரநிலை தொடங்குமாயின், 79க்கும் 80க்கும் இடையே ஒரு படி எழுகிறது. 80க்கும் 95க்கும் இடையே எதுவும் இல்லை. அப்படி நாம் ஆக்கியது. மாணவரின் அறிவு அவ்வாறு ஆனதன்று. தரநிலையை எழுதும்போது மதிப்பெண்ணையும் உடன் காத்து வைப்போம்.