நீண்ட ஷாஃப்டுக்கு ஒரு கிரைண்டிங் மெஷின்
(பழைய மாணவர் சந்திப்பு நாளன்று ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று காலை நாவலூர் டோல்கேட் இருந்த இடத்தைத் தாண்டி வந்தேன். 2023 அக்டோபரில் அங்கே வசூல் நின்றுவிட்டது. நாங்கள் படித்த நாளில் அந்த ரோட்டோரக் கண்ணாடிக் கட்டிடங்களைப் பார்த்துத்தான் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் மெக்கானிக்கல் புத்தகத்தை மூடி வைத்தார்கள். அவர்கள் நன்றாக இருக்கிறார்கள், சந்தோஷம். நான் மறைமலைநகர் பக்கம் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். "இந்தக் காலத்துல பட்டறையில என்னப்பா இருக்கு?" என்று கேட்டவர்களுக்கு இன்றைக்குப் பதில் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

எங்கள் பட்டறையில் காகித ஆலைக்கும் சர்க்கரை ஆலைக்கும் பெரிய பம்புகளுக்கும் வேண்டிய நீண்ட ஷாஃப்டுகளைச் செய்கிறோம். உதாரணத்துக்கு 4 மீட்டர் நீளம், 300 மில்லி மீட்டர் விட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை சுமார் 2,200 கிலோ. லேத்தில் கடைந்து முடித்த பிறகு பேரிங் உட்காரும் இடங்களை கிரைண்டிங் செய்தாக வேண்டும். 160 மில்லி விட்டமுள்ள இடத்துக்கு எம் 6 என்று வரைபடத்தில் போட்டிருந்தால், பெயரளவை விடக் குறைந்தது 15 மைக்ரான், அதிகபட்சம் 40 மைக்ரான் கூடுதலாக இருக்கலாம். அதாவது நமக்குக் கிடைக்கும் இடம் 25 மைக்ரான்தான். தலைமுடியின் பருமனில் பாதி கூட இல்லை.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். பழைய மெஷினில் ஒரு ஷாஃப்டை முடித்து, மதியம் மூன்று மணிக்கு நானே அளந்தேன். பிளஸ் 20 காட்டியது. சரி என்று கையெழுத்துப் போட்டு அன்று இரவே அனுப்பிவிட்டேன். வாங்கியவர்கள் மறுநாள் அளந்தபோது பிளஸ் 11. ஷாஃப்ட் திரும்பி வந்தது. காரணம் எளிது. அரைத்த சூட்டில் ஷாஃப்ட், ஒப்பிட்டு அளந்த மாஸ்டரை விட ஐந்து டிகிரி கூடுதலாக இருந்திருக்கிறது. இரும்பு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 11.5 மைக்ரான் விரியும். 160 மில்லிக்கு ஐந்து டிகிரி என்றால் 9 மைக்ரான். இரண்டாம் ஆண்டில் இதே கணக்கைப் போட்டுத்தான் மார்க் வாங்கினேன். பட்டறையில் மறந்துவிட்டேன்.

அந்த ஷாஃப்டோடு ஒரு நல்ல வாடிக்கையாளரும் கைவிட்டுப் போகிற நிலை வந்தது. அப்போதுதான் முதலாளி கூப்பிட்டு, "புது சி.என்.சி. கிரைண்டிங் மெஷின் வாங்கலாம். எதுன்னு நீயே பார்த்துச் சொல்லு. வீட்டை அடமானம் வைக்கிறேன், ஞாபகம் இருக்கட்டும்" என்றார். அதற்குப் பிறகு பல நாள் எனக்குத் தூக்கம் இல்லை.

மூன்று மெஷின்கள் எங்கள் முன்னால் வந்தன. ஒன்று, வெளிநாட்டிலிருந்து வந்த பழைய பெரிய மெஷின், புதுக் கன்ட்ரோலர் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள், விலை மலிவு. இரண்டாவது, 6 மீட்டர் நீளமும் 10 டன் எடையும் தாங்கும் புது மெஷின். மூன்றாவது, 4.5 மீட்டர், 5 டன் தாங்கும் புது மெஷின். கேட்லாக்கைப் பார்த்தால் மூன்றிலும் ஒரே மாதிரி அழகான எண்கள்.

நான் கேட்லாக்கை மூடிவிட்டு ஷாஃப்டின் கணக்கைப் போட்டேன். 4 மீட்டர் ஷாஃப்டை இரண்டு சென்டர்களுக்கு நடுவே தாங்கினால், தன் எடையிலேயே நடுவில் சுமார் 0.2 மில்லி தொய்கிறது. கிரைண்டிங் வீல் நடுவில் வெறும் 50 கிலோ விசையோடு தள்ளினாலும் ஷாஃப்ட் 8 மைக்ரான் பின்வாங்குகிறது. அவ்வளவும் அரைபடாமல் நிற்பதால் விட்டத்தில் 16 மைக்ரான் கூடுதல். பீப்பாய் மாதிரி நடுவில் தடித்துவிடும். நமக்கு இருப்பது 25 மைக்ரான் என்பதை நினைவில் வையுங்கள். ஆகவே மெஷினின் நுணுக்கத்தைக் கேட்பதற்கு முன்னால், எத்தனை ஸ்டெடி வரும், அவற்றை எப்படி அட்ஜஸ்ட் செய்வது என்று கேட்க வேண்டும்.

அடுத்தது, ஓடுவது எது? டேபிள் ஓடுகிற மெஷினில் 2 டன் ஷாஃப்டும் சேர்ந்து முன்னும் பின்னும் போகும். பெட் நீளம் ஷாஃப்டின் நீளத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேண்டும். வீல்ஹெட் ஓடுகிற மெஷினில் ஷாஃப்ட் ஒரே இடத்தில் சுற்றும், வீல் மட்டும் நகரும். இடமும் குறைவு, எடையும் அசையாது. பழைய மெஷின் டேபிள் ஓடுகிற ரகம். எங்கள் ஷெட்டில் நுழையவே இடமில்லை. அதோடு நடு பெட்டில் தேய்மானம். புதுக் கன்ட்ரோலர் போட்டால் பழைய தேய்மானம் போய்விடாது.

1900-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் சார்லஸ் நார்டன் கனமான கிரைண்டிங் மெஷினை உருவாக்கியபோது, அவர் நம்பியதும் இதைத்தான்: கனத்த உடம்பு, அகலமான வீல், அதிர்வில்லாத ஓட்டம். கன்ட்ரோலர் வந்த பிறகும் அது மாறவில்லை. இன்னொன்று, வீலின் அளவு. நமக்குப் பக்கத்தில் திருவொற்றியூரில் கார்பரண்டம் யூனிவர்சல் இருக்கிறது. உள்ளூரில் கிடைக்காத அளவு வீல் கேட்கும் மெஷினை வாங்கினால், கப்பல் வரும் வரை பட்டறை கும்பிடு போட்டுக்கொண்டு நிற்கும்.

மூன்றாவது மெஷினைத் தேர்ந்தெடுத்தோம். ஆனால் ஆர்டரில் ஒரு நிபந்தனை போட்டேன். வழக்கமாக விற்பவர்கள் ஒரு சின்ன டெஸ்ட் பீஸை அரைத்துக் காட்டி மெஷினை ஒப்படைப்பார்கள். குட்டையான துண்டு தொய்யாது, வளையாது, அதில் எந்த மெஷினும் நன்றாகத்தான் அரைக்கும். "எங்க ஷாஃப்டை உங்க இடத்துக்கு அனுப்புறோம். அதை அரைங்க. ராத்திரி முழுக்க ஆறட்டும். காலையில நான் அளக்கிறேன்" என்றேன். முகம் சுளித்தார்கள், ஆனாலும் ஒப்புக்கொண்டார்கள். முதல் தடவை நடுவில் 14 மைக்ரான் தடிப்பு. இரண்டு ஸ்டெடி போதும் என்று சொன்னவர்களே மூன்றாவதைச் சேர்த்தார்கள். அடுத்த முறை 6 மைக்ரான். அன்றைக்குத்தான் கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் மூத்த கிரைண்டர் அண்ணன் படித்தது எட்டாம் வகுப்பு. "தம்பி, மெஷினைப் பார்த்தீங்க, தரையைப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். எங்கள் மண் களிமண். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அவர் சொன்ன பிறகு தரையோடு ஒட்டாமல் தனி கான்கிரீட் பவுண்டேஷன் போட்டோம். முதல் வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் லெவல் பார்த்தால், ஒரு பக்கம் லேசாக இறங்கியிருந்தது. மறுபடி லெவல் செய்தோம். இப்போது ஒவ்வொரு தையிலும் லெவல் பார்ப்பது எங்கள் வழக்கம். வீலின் சத்தம் மாறினால் திரையில் எதுவும் தெரிவதற்கு முன்னால் அவர் காதுக்குத் தெரிந்துவிடும். மெஷின் ஓட்டப் பயிற்சிக்கு அனுப்பிய இரண்டு பேரில் முதல் பெயர் அவருடையதுதான்.

எல்லாம் சரியாகவே நடந்தது என்று சொல்ல மாட்டேன். போன வருடம் 5 மீட்டர் ஷாஃப்ட் ஒன்று வந்தது. எங்களால் முடியாது என்று திருப்பி அனுப்பினோம். பெரிய மெஷினை வாங்கியிருந்தால் செய்திருக்கலாம். ஆனால் அந்த ஒரு ஷாஃப்டுக்காக மீதி நாளெல்லாம் பெரிய கடனுக்கு வட்டி கட்டியிருப்போம். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை. திரும்பிப் போகவிருந்த அந்தப் பழைய வாடிக்கையாளர் இன்றும் எங்களிடமே இருக்கிறார் என்பது ஆறுதல்.

தம்பி தங்கைகளே, தொய்வுக் கணக்கு, வெப்ப விரிவு, டாலரன்ஸ் என்று நீங்கள் பரீட்சைக்காக மனப்பாடம் செய்வதெல்லாம் என்றாவது ஒருநாள் ஒருவருடைய அடமானப் பத்திரத்துக்கு முன்னால் வந்து நிற்கும். அன்று கேட்லாக் உதவாது. உங்கள் ஷாஃப்டையே அரைத்து, ஆறவைத்து, நீங்களே அளந்து பாருங்கள். ஒவ்வொரு விடுமுறையிலும் இரண்டு மாணவர்களுக்கு எங்கள் பட்டறையில் பயிற்சி தர முதலாளி சம்மதித்திருக்கிறார். விருப்பமுள்ளவர்கள் துறைத்தலைவர் வழியாக எழுதுங்கள். கையில் எண்ணெய் படும், பரவாயில்லை என்பவர்கள் வாருங்கள்.