மலை இறங்கும் முன்னே



மூணாறுக்குப் பக்கத்தில் மாட்டுப்பட்டி இருக்கிறது. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். அங்கே வேலை செய்பவர்களில் தமிழர்கள் பலர். அவர்கள் லைன் வீட்டில் வாழ்கிறார்கள். வீடு கம்பெனிக்குச் சொந்தம். ஓய்வு பெற்றதும் காலி செய்ய வேண்டும். பலர் மலை இறங்கித் தமிழ்நாட்டுக்குப் போகிறார்கள்.

30 வருடம் சேர்த்த சாமான் எல்லாம் புது வீட்டில் கொள்ளுமா? லாரி வாடகை எவ்வளவு ஆகும்? கடைசி நாளில் விற்றால், வாங்குகிறவர் சொன்னதுதான் விலை. ஆகவே ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்.

ஒரு நோட்டில் மூன்று பட்டியல் எழுதுங்கள்.

கொண்டு போவது: தினமும் புழங்கும் பாத்திரம், துணிமணி.

விற்பது: பெரிய கட்டில், பீரோ, விசேஷத்துக்கு மட்டும் எடுக்கும் அண்டா. விலையையும் எழுதுங்கள்.

கொடுப்பது: தடித்த கம்பளிகள். கீழே அவ்வளவு குளிர் இல்லை. பக்கத்து வீட்டுக்கு உதவும்.

ரேஷன் கார்டு, பி.எப். காகிதம், சம்பளச் சீட்டு ஆகியவற்றைத் தனிப் பையில் வையுங்கள். பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பணிக்கொடை வாங்க அவை உதவும். சட்டப்படி ஒரு வருட வேலைக்கு 15 நாள் சம்பளம். 30 வருடத்துக்கு 450 நாள் சம்பளம். கணக்குப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

அந்தப் பணத்தில் மறுபடியும் பீரோ வாங்க வேண்டாம். வங்கியில் போடுங்கள். வயதான காலத்தில் அரிசிக்கும் மருந்துக்கும் ஆகும். சாமான் குறையட்டும். கையில் பணம் இருக்கட்டும்.