கண்ணாடி மறைத்த வெயில்

பசுமைக்குடிலில் வளர்ந்த தக்காளி நாற்று ஒன்றைக் குழித்தட்டிலிருந்து மெல்ல உருவிப் பாருங்கள். சில நேரம் தண்டு நெடுநெடுவென்று நூல்போல் நீண்டிருக்கும். இலை வெளிறி, தொட்டால் துவளும். வயலில் நட்டதும் காற்றுக்குத் தலைசாய்ந்துவிடும். தண்ணீரும் உரமும் குறைவில்லாமல் கொடுத்தும் ஏன் இப்படி?

நெருக்கமும் நிழலும் ஒரு காரணம். இன்னொன்று கூரை. வெயிலில் உள்ள புற ஊதா-பி கதிரைச் சாதாரணக் கண்ணாடி உள்ளே விடுவதில்லை. 280 முதல் 315 நானோமீட்டர் வரையுள்ள இந்தக் கதிரை உணரவென்றே செடிக்குள் யுவிஆர்8 என்றொரு புரதம் இருக்கிறது. கதிர் படாதவரை இரண்டிரண்டாக ஒட்டிக்கிடக்கும். பட்டதும் பிரிந்து, செல்லின் உட்கருவில் வேலையைத் தொடங்கும். 2011-இல்தான் இது தெளிவானது. என்ன அழகான ஏற்பாடு! தண்டு நீள்வது மட்டுப்படுகிறது, இலை தடிக்கிறது, ஃபிளேவனாய்டுகள் என்னும் வேதிப்பொருள்கள் சேர்ந்து இலைக்குக் குடை பிடிக்கின்றன.

அந்தக் கதிரை விளக்கு வைத்து அளந்து கொடுத்தால், நாற்றைக் குட்டையாக வைக்க மருந்து தெளிக்கும் தேவை குறையும். உண்ணும் பயிருக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் அளவு மிஞ்சினால் இலை கருகும். விளக்கு எரியும்போது உள்ளே போகாதீர்கள், கண்ணுக்கும் தோலுக்கும் ஆகாது.